பெண் இகுவானா முட்டையிடும் காலம்: பெட்டி தயாரிப்பதிலிருந்து குஞ்சு பொரிப்பது வரை

இகுவானா என்ற பெரிய பல்லி இனத்தில் பெண்ணை வளர்க்கிறவர்கள் பலர், ஆணோடு சேர்த்தால்தான் முட்டை வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பச்சை இகுவானா பெண் பருவத்துக்கு வந்துவிட்டால், பிறந்ததிலிருந்து ஓர் ஆணைக்கூடப் பார்த்திராவிட்டாலும், கோழியைப் போலவே கருவில்லாத முட்டைகளை உருவாக்கிவிடும். ஒரு ஈட்டுக்கு 20 முதல் 40 முட்டை என்பது சாதாரணம், நன்கு வளர்ந்த பெரிய பெண்கள் 60-ஐத் தாண்டுவதும் உண்டு. கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தனையும் உடம்பிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். வராமல் உள்ளே தங்கினால் உயிருக்கே ஆபத்து.

அதனால் "எனக்கு இனப்பெருக்கத்தில் ஆர்வமில்லை, எனக்கு எதற்கு இது" என்று யாரும் இதைத் தள்ளிவிட வேண்டாம். முட்டையிடுவது முதல் விஷயம், பெண் இகுவானா இருக்கும் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தும். குஞ்சு பொரிக்க வைப்பது இரண்டாவது விஷயம், அது வெகு சிலருக்கு மட்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், அது பெண்தானா?

பின்னங்கால் தொடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அவை பெரிதாக, மெழுகு போன்ற பொருள் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். பெண்ணுக்குச் சின்னப் புள்ளிகளாக மட்டும் தெரியும். ஆணுக்குத் தாடை பெருத்திருக்கும், முதுகு முட்கள் நீளமாக இருக்கும், வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் புடைப்பு தெரியும். ஒரு வயதுக்குக் கீழே இவை எதையும் நம்பிச் சொல்ல முடியாது. விற்றவர் ஆண் என்று சொன்னதை வைத்து வருடக்கணக்கில் ஆண் என்றே நினைத்து வளர்த்து, ஒரு நாள் வயிறு வீங்கிய பிறகு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே நீங்களே பார்த்துவிடுங்கள்.

பருவம் வருவது பொதுவாக 2 முதல் 3 வயதில். நன்றாகத் தின்று வேகமாக வளர்ந்தவை ஒன்றரை வயதிலேயே முட்டை வைத்துவிடும். வயதைவிட அளவுதான் நல்ல கணக்கு: மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை 25–30 செ.மீ. வந்துவிட்டால், இந்த வருடமே முட்டை வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்கு முன்பே செய்ய வேண்டியது: கால்சியம்

முட்டை நல்லபடியாக வெளியே வருமா வராதா என்பது பெரும்பாலும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முட்டை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும், அது உணவில் போதவில்லை என்றால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதோடு முடியவில்லை. முட்டைக்குழாயின் தசை சுருங்கித்தான் முட்டையை வெளியே தள்ளுகிறது, தசை சுருங்குவதற்கும் கால்சியம் வேண்டும். ஆக, கால்சியம் குறைந்த பெண்ணுக்கு எலும்பும் பலவீனம், தள்ளுகிற சக்தியும் இல்லை.

உணவில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கடுகுக்கீரை, டாண்டிலியன் இலை, காலார்ட் கீரை போன்றவை நல்ல தேர்வு. பாலக் போன்ற ஆக்சலேட் அதிகமுள்ள கீரைகளில் கால்சியம் இருந்தும் உடம்பில் ஒட்டாது, அதனால் அதையே தினமும் போடாதீர்கள். முட்டை உருவாகிறதே என்று இறைச்சி, நாய்த் தீனி எல்லாம் கொடுக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள், இகுவானா இலை தின்னும் உயிரினம், அந்தப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உணவில் இருக்கும் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதை இகுவானா யூவிபி ஒளியில் (வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) தன் தோலில் தானே தயாரித்துக்கொள்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவிபி அநேகமாக இருக்காது, ஆகவே ஜன்னல் ஓரம் உட்கார வைப்பது கணக்கில் வராது. யூவிபி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் 6 முதல் 12 மாதத்தில் அதன் வீரியம் இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது, எனவே பருவம் தொடங்கும் முன் மாற்றிவிடுவது நல்லது. வெயில் காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இருக்கட்டும், சூடு இல்லாவிட்டால் இலை செரிக்காது. டி3 பொடியை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், அதிகமானால் உறுப்புகளில் கால்சியம் படியும்.

எப்போது, எப்படித் தெரியும்?

வருடத்துக்கு ஒரு முறை. இயற்கையில் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வறண்ட காலத்தில் முட்டையிட்டு, மழை தொடங்கித் தளிர் வரும்போது குஞ்சு வெளிவரும்படி அவற்றின் காலக்கணக்கு அமைந்திருக்கிறது. வீட்டில் விளக்கும் வெப்பமும் அந்தக் கணக்கை மாற்றிவிடும், ஆனாலும் ஒரே பெண் வருடா வருடம் கிட்டத்தட்ட அதே வாரங்களில் முட்டையிடுவதுதான் வழக்கம், அதனால் முதல் வருடத் தேதியைக் குறித்து வையுங்கள்.

இணைசேர்ந்ததிலிருந்து முட்டையிடும் வரை சுமார் 65 நாள், இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை போகலாம். வயிறு இரண்டு பக்கமும் பெருக்கும், போகப்போகத் தோலுக்கு அடியில் உருண்டை உருண்டையாகத் தெரியும். சாப்பாடு குறையும். கடைசி மூன்று நான்கு வாரங்களில் முழுக்க நிறுத்திவிடுவதும் உண்டு, ஏனென்றால் முட்டைகள் வயிற்றை அடைத்துக்கொண்டு இரைப்பைக்கு இடமே விடுவதில்லை. இடுப்பும் வாலின் அடியும் மெலியும். அப்புறம் அந்த அலைச்சல் தொடங்கும்: கூண்டுக்குள் அங்குமிங்கும் நடப்பது, மூலையைப் பிறாண்டுவது, கதவை முட்டுவது. தோண்ட இடம் தேடுகிறது.

இந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உணவு வையுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், வாரம் ஒரு முறை எடை பாருங்கள். தூக்கும்போது வயிற்றை அழுத்தாமல் முழு உடம்பையும் கையால் தாங்குங்கள். உயரமான கிளையிலிருந்து குதிக்கும் பழக்கம் இருந்தால் கிளையைக் கீழே இறக்கிவிடுங்கள். முதல் முறை முட்டையிடும் பெண் என்றால் இந்தக் கட்டத்திலேயே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்பேன். எத்தனை முட்டை என்று முன்பே தெரிந்தால், பிறகு எண்ணிப் பார்க்க அது பெரிய உதவி.

முட்டைப் பெட்டி

இதில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். இகுவானா சும்மா ஒரு குழியில் முட்டையிட்டுவிட்டுப் போகும் உயிரினம் அல்ல. சுரங்கம் தோண்டி, உள்ளே திரும்புமளவு அறை அமைத்து, இருட்டில் இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் வெளியே வரும். அதற்கு வசதி இல்லாவிட்டால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும். ஒரு தட்டில் மண்ணைப் பரப்பி வைத்தால் அது முட்டைப் பெட்டி ஆகாது.

படிப்படியாக:

1. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் அல்லது மரப் பெட்டி. உள்ளளவு நீளம் 90–120 செ.மீ., அகலம் 50–60, உயரம் 60 இருந்தால் நல்லது. பெண் உள்ளே போய் உடம்பைத் திருப்பிக்கொள்ள முடிய வேண்டும், அதுதான் சோதனை.

2. ஒரு ஓரத்தில் மட்டும் 20 செ.மீ. அளவில் வாசல். மூடி போட்டால் உள்ளே இருட்டாக இருக்க வேண்டும்.

3. மண்ணும் மணலும் பாதிப் பாதி. உரம், பூச்சிமருந்து எதுவும் கலக்காத மண்ணாக இருக்கட்டும். வெறும் மணல் சரியும், சுரங்கம் நிற்காது. பெண் உள்ளே இருக்கும்போது சரிந்தால் ஆபத்து.

4. ஈரப்பதம்: ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. தினமும் பாருங்கள், மேல்மண் சீக்கிரம் காயும்.

5. ஆழம் குறைந்தது 35 செ.மீ. இந்த அளவுக்கு ஈரமண் நிரப்பிய பெட்டி 200 கிலோவைத் தாண்டும். எங்கே இருக்கப் போகிறதோ அங்கேயே வைத்து நிரப்புங்கள், கூண்டின் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

6. மண்ணின் சூடு 28–30 டிகிரி. சூடு தரும் பட்டையைப் பெட்டியின் வெளிப்பக்கச் சுவரில் ஒட்டி, சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். அடியில் வைக்காதீர்கள், பெண் தோண்டிக்கொண்டு போய் நேராகச் சூட்டின் மேல் உட்காரும்.

எதிர்பார்க்கும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே பெட்டி தயாராக இருக்கட்டும். பழகிய இடத்தில்தான் அது தைரியமாகத் தோண்டும். முதலில் பாதி தோண்டிவிட்டு வெளியே வரும், மறுபடி வேறு மூலையில் தோண்டும், இதெல்லாம் இயல்பு. எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆண் இருந்தால் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள், மற்ற செல்லப்பிராணிகளும் அந்த அறைக்கு வர வேண்டாம்.

முட்டையிடும் நாள்

உள்ளே போய்ப் பல மணி நேரம் வராது. பொறுமையாக இருங்கள். வெளியே வரும்போது உடம்பெல்லாம் மண், வயிறு தொங்கிச் சுருங்கி, இடுப்பெலும்பு தெரியும்படி இருக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் ஓர் ஈட்டு முட்டை உடல் எடையில் கால் பங்கு வரைகூட இருக்கும் என்பதால் அந்த மெலிவு எதிர்பார்த்ததுதான். உடனே தூக்கிக் குளிப்பாட்ட ஓடாதீர்கள். மண்ணைத் தள்ளி மூடுவது அதன் வேலையின் ஒரு பகுதி, அதை முடிக்க விடுங்கள். இடையில் தூக்கினால் பதற்றத்தோடு திரும்பத் திரும்பப் பெட்டிக்கே போகும்.

முடித்துவிட்டு அதுவே விலகிப் போன பிறகு முட்டைகளைக் கையால் மெதுவாகத் தோண்டி எடுத்து எண்ணுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளம், தோல் போன்ற மெத்தென்ற வெள்ளை ஓடு. எக்ஸ்ரேயில் 34 என்றிருந்து கையில் 29 வந்தால், மிச்சம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எது இயல்பு, எது அவசரம்

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாப்பிடாமல் இருப்பது இரண்டிலும் பொது. ஆரோக்கியமான சினைப் பெண் சாப்பிடாவிட்டாலும் கண் தெளிவாக இருக்கும், நடமாடும், தோண்டும், வெயில் காயும், ஆளைப் பார்த்தால் கவனிக்கும். சாப்பாட்டோடு சேர்ந்து சுறுசுறுப்பும் போய்விட்டால் அது வேறு விஷயம்.

கண் குழிவிழுந்து ஓரிடத்தில் கிடப்பது, கால் விரலோ தசையோ துடிப்பது, உடம்பு நடுங்குவது (கால்சியம் இறங்கிவிட்டதன் அடையாளம்), முக்கிக்கொண்டே இருந்தும் ஒன்றும் வராதது, சில முட்டை இட்டுவிட்டு நின்றுவிடுவது, கழிவுத்துளையிலிருந்து சதை பிதுங்கி வெளியே வருவது, வயிறு பெருத்த நிலையிலேயே பன்னிரண்டு வாரத்தையும் தாண்டிப் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பிதுங்கிய சதையை ஈரத்துணியால் மூடிக்கொண்டு போங்கள், காயவிடாதீர்கள்.

வீட்டில் வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே தள்ளப் பார்ப்பது கூடவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் மஞ்சள்கரு வயிற்றறைக்குள் பரவி அழற்சி வரும், அதிலிருந்து மீள்வது கடினம்.

மருத்துவர் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை பார்ப்பார். பிரச்சினை இரண்டு விதம். ஒன்று, மஞ்சள்கரு உருண்டைகள் சினைப்பையிலேயே தேங்கி, ஓடு போடும் கட்டத்துக்கே வராமல் நிற்பது. மற்றது, ஓடு வந்த முட்டைகள் குழாயில் நின்றுவிடுவது. இரண்டாவது வகையில் தண்ணீர்ச் சத்து ஏற்றி, கால்சியம் கொடுத்து, பெட்டியும் சூடும் சரிசெய்தால் சில சமயம் தானாக இட்டுவிடும். குழாயின் தசையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் போடுவார்கள், ஆனால் முட்டை வரும் வழியில் அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான். முதல் வகைக்கு ஊசி உதவாது, அறுவை சிகிச்சைதான். குழாயை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவிட்டால் அடுத்த வருடம் மஞ்சள்கரு நேராக வயிற்றறைக்குள் விழும், அதனால் சினைப்பையையும் சேர்த்தே எடுப்பார்கள்.

இனப்பெருக்கத் திட்டம் இல்லாதவர்கள் பருவத்துக்கு வெளியே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, இந்தக் கருத்தடை அறுவையைச் செய்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல அனுபவமுள்ள கை கிடைத்தால் நான் அதை ஆதரிப்பேன், நோயுற்ற பிறகு செய்வதைவிட ஆபத்து குறைவு.

இட்ட பிறகு

வெதுவெதுப்பான தண்ணீரில், தோள்பட்டை அளவு ஆழத்தில், இருபது நிமிடம் விடுங்கள். குளிக்கும்போதே நிறையக் குடிக்கும். அப்புறம் கால்சியம் தூவிய கீரை. சில நாளில் பசி திரும்பும், ஒரு வாரமாகியும் தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய எடை வர பல வாரம் ஆகும். ஆணைத் திரும்பக் கூட விடாதீர்கள்.

குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

பெரும்பாலோருக்கு என் பதில், வேண்டாம். ஓர் ஈட்டில் 30 குஞ்சு வந்தால் 30 வீடு வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்ந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழும், ஓர் அறை அளவு இடம் கேட்கும். அத்தனை பேரைத் தேடிவிட்டுத்தான் இன்குபேட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். வெளியே விட்டுவிடலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. ஃபுளோரிடா, புவேர்ட்டோ ரிக்கோ, தைவான், சிங்கப்பூர் எல்லாவற்றிலும் வெளியிலிருந்து வந்த இகுவானாக்கள் பெருகிக் கிடக்கின்றன. ஃபுளோரிடா 2021-இல் இவற்றைத் தடைசெய்த உயிரினப் பட்டியலில் சேர்த்தது. பச்சை இகுவானா, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளது, ஆகவே உங்கள் நாட்டில் வளர்க்க, பெருக்க, விற்க என்ன அனுமதி தேவை என்பதை முட்டை வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொரிக்க வேண்டாம் என்றால் இட்ட அன்றே முட்டைகளை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். "ஆண் இப்போது இல்லையே" என்றும் இருந்துவிடாதீர்கள், பெண் இகுவானா விந்தணுவைச் சேமித்து வைத்துப் பின்னால் பயன்படுத்தக்கூடியது.

இணை சேர்ப்பது

பெண்ணுக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், எலும்பில் குறை இருக்கக்கூடாது, மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். பருவத்தில் ஆண் ஆரஞ்சு நிறம் ஏறி, தலையை வேகமாக ஆட்டி, சாப்பாட்டைக் குறைக்கும். அந்த வாரங்களில் வளர்ப்பவர் மேலேயே பாய்ந்து கடிக்கும் ஆண்களும் உண்டு, முகத்துக்கு அருகில் கொண்டுவராதீர்கள். ஆண், பெண்ணின் கழுத்துத் தோலைக் கவ்விப் பிடித்துத்தான் சேரும், சில நிமிடங்கள், சில நாட்களுக்குத் திரும்பத் திரும்ப. லேசான கீறல் சகஜம். தோல் கிழிந்து சதை தெரிந்தால் பிரித்துவிடுங்கள், பெண் ஓடி ஒளிய இடமில்லாத கூண்டில் சேர்க்கவே வேண்டாம்.

அடைகாக்கும் பெட்டி

இன்குபேட்டரை ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு வெப்பம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். 29 முதல் 31 டிகிரிக்குள் இருக்கட்டும், 30 நல்ல இலக்கு. சில ஊர்வனவற்றில் வெப்பம்தான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும், இகுவானாவில் அது மரபணுவால் முடிவாவது, அதனால் வெப்பத்தை ஏற்றி இறக்கி விளையாட ஒன்றுமில்லை.

முட்டையை எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள், அதன்பின் திருப்பவே கூடாது. முதல் நாளைக்குப் பிறகு கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவிடும், திருப்பினால் செத்துப்போகும். வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் சம எடையில் கலந்து, டப்பாவில் பரப்பி, முட்டைகளைப் பாதி புதையும்படி, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். மூடியில் இரண்டு மூன்று சின்னத் துளை. வாரம் ஒரு முறை திறந்தால் காற்று மாறும்.

கருவுள்ள முட்டை வெள்ளையாக, விறைப்பாக இருந்து தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கும். இரண்டு வாரம் கழித்து இருட்டில் சின்ன டார்ச் பிடித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பில் ரத்தக்குழாய்கள் தெரியும். மஞ்சளாகிச் சுருங்கிப் பூஞ்சை பிடிப்பது வீணானது, எடுத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் விட்டு வையுங்கள், பக்கத்து நல்ல முட்டையை அது கெடுப்பது அபூர்வம். எல்லா முட்டையும் ஒரே சமயம் குழிவிழுந்தால் ஈரம் போதவில்லை, கலவையின் ஓரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றுங்கள். முட்டையின் மேல் ஊற்ற வேண்டாம்.

30 டிகிரியில் பத்து வாரத்துக்குச் சற்று மேல், பொதுவாக 70 முதல் 90 நாள்.

குஞ்சுகள்

மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கும். இழுக்காதீர்கள். மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, அவசரப்படுத்தினால் அந்தப் பை கிழிந்து குஞ்சு போய்விடும். தானாக வெளிவந்ததை ஈரக் காகிதம் விரித்த டப்பாவில், தொப்புள் மூடும் வரை, அதே வெப்பத்தில் வையுங்கள். வாலோடு 17–25 செ.மீ. நீளம் இருக்கும், எடை 12 கிராம் அளவுதான்.

உள்ளே மஞ்சள்கரு இருப்பதால் முதல் சில நாள் தின்னாது. அப்புறம் பெரியவற்றுக்குக் கொடுக்கும் அதே கீரைகளை மிகப் பொடியாக நறுக்கி தினமும் வையுங்கள், யூவிபி முதல் நாளிலிருந்தே வேண்டும். பெரிய இகுவானாக்களோடு ஒரே கூண்டில் விடாதீர்கள். ஒன்று மட்டும் எப்போதும் வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவை மெலிந்தால், அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

இலையைச் செரிக்க இகுவானாவின் பெருங்குடலில் நுண்ணுயிரிகள் வேண்டும், குஞ்சு அவற்றோடு பிறப்பதில்லை. பனாமாவில் கேத்தரின் ட்ராயர் செய்த ஆய்வு 1982-இல் வெளியானது: காட்டில் குஞ்சுகள் முதலில் கூட்டு மண்ணைத் தின்று, பிறகு பெரியவை இருக்கும் இடத்துக்குப் போய் அவற்றின் சாணத்தைத் தின்றுதான் அந்த நுண்ணுயிரிகளைப் பெறுகின்றன. வீட்டில் அதற்கு வழி, மலப் பரிசோதனையில் ஒட்டுண்ணி இல்லை என்று உறுதியான ஆரோக்கியமான பெரிய இகுவானாவின் புது எச்சத்தில் துளியை, முதல் இரண்டு வாரத்தில் ஓரிரு முறை கீரையில் கலந்து வைப்பது. பரிசோதனை செய்யாததைத் தொடவே வேண்டாம், அதைவிடக் கொடுக்காமலேயே இருக்கலாம். முட்டை, மண், எச்சம் எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இகுவானாக்கள் சால்மொனெல்லாவைச் சுமப்பவை, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலைகளைச் சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள்.